தோன்றா எழுவாய்

2023 ஜனவரி 30, திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலக வராந்தாவில் கையில் மனுவோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் எங்க ஊருக்கு அடுத்த ஊர் அக்கா. அவங்க மகன் பத்தொன்பது வயசுப் பையன். ஊர்த்தெரு வழியாக பைக்கில் போனவனை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஏன்?’ என்று கேட்டிருக்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காகச் சாதிப் பேரைச் சொல்லித் திட்டிச் செருப்பால் அடித்தார்கள். அடித்தது நாலு பேர். நாலு பேரையும் அக்காவுக்குத் தெரியும். அந்த நாலு வீட்டு நிலத்திலும் அக்கா நடவு நட்டிருக்காங்க, களை எடுத்திருக்காங்க. பன்னிரண்டு நாளாகியும் காவல் நிலையத்தில் வழக்குப் பதியவில்லை. அதனால் ஆட்சியரைப் பார்க்க வந்திருந்தோம்.

பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. காந்தி சுடப்பட்ட நாள். எல்லாரும் ரெண்டு நிமிஷம் அசையாமல் நின்றார்கள். பிறகு தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. ஒரு அதிகாரி மைக்கில் வாசிக்க, அலுவலர்கள் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். எந்த வடிவத்திலும் தீண்டாமையைக் கடைப்பிடிக்க மாட்டோம் என்று அரசியலமைப்பின் பேரால் சத்தியம் பண்ணினார்கள். அக்கா என் காதில் கேட்டாங்க: “இவங்க யார்கிட்ட சத்தியம் பண்றாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

உறுதிமொழி முடிந்ததும் எங்க மனுவை வாங்கின எழுத்தர் கேட்டார்: “எந்த ஊரும்மா? ஊரா, காலனியா?” காலனி என்றோம். மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதையெல்லாம் ஸ்டேஷன்லயே பேசி முடிச்சிருக்கக் கூடாதா? நாளைக்கும் ஒரே ஊர்லதானே இருக்கணும்?” அந்த மனுஷன் கெட்டவர் கிடையாது. குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று கையைக் காட்டினார். சத்தியம் பண்ணின கையும் அதேதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் சொன்ன வாக்கியத்துக்கும் இப்போது சொன்ன வாக்கியத்துக்கும் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவள். அந்தப் படிப்பு எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. ஆனால் எங்க பக்கத்துச் சனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்க உதவுகிறது. கூடவே நன்னூல் வகுப்பில் கேட்ட ஒரு சங்கதியும் மனதில் நின்றுவிட்டது. ‘வந்தான்’ என்று ஒரு சொல்லை மட்டும் சொன்னால் ‘அவன்’ என்கிற எழுவாய் வெளியே தெரியாது. வினைமுற்றின் விகுதிக்குள் ஒளிந்து நிற்கும். அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். தெரியவில்லை என்பதால் செய்தவன் இல்லை என்று ஆகிவிடாது. செய்தவன் இருக்கிறான், சொல்லப்படவில்லை. அவ்வளவுதான்.

தீண்டாமைக்கு எதிராக இந்த அரசு பேசுகிற எல்லா வாக்கியத்திலும் எழுவாய் தோன்றாமலே இருக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

தமிழ்நாட்டில் அரசுப் பாடப்புத்தகம் படித்த எல்லாருக்கும் அந்த முன்பக்கம் தெரியும். தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மைக்கு விரோதம் என்று மூன்று வரியில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் திருப்பித்தான் முதல் பாடத்துக்கே போனோம். அந்த வரிகளை இலக்கணப்படி பாருங்கள். தீண்டாமைதான் அங்கே எழுவாய். தீண்டாமையைச் செய்கிறவர் எங்கேயும் இல்லை. ஏதோ காற்றில் வருகிற காய்ச்சல் மாதிரி, யாரும் செய்யாமல் தானாக ஊரில் பரவிக் கிடக்கிற ஒன்று மாதிரி அது நிற்கிறது. வகுப்பில் எனக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஊர்த்தெருப் பிள்ளையும் அதே வரியைப் படித்தது, நானும் படித்தேன். தன் அப்பாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறதென்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வாய்ப்பில்லை. என் அப்பாவைப் பற்றித்தான் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் மனிதநேய வார விழாவுக்குப் பேச்சுப்போட்டி வைத்தார்கள். தலைப்பு தீண்டாமை ஒழிப்பு. தமிழாசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணிப் பேசினேன். முதல் பரிசு. பரிசு என்ன தெரியுமா? ஒரு எவர்சில்வர் டம்ளர். எங்க ஊர் டீக்கடையில் அப்போது எங்களுக்குத் தனி டம்ளர், குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்கணும். அப்பா அந்தப் பரிசு டம்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல குடிக்கலாம்ல?” என்றார். கிண்டல்தான். அம்மாகூடச் சிரித்தாங்க. இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். அந்த மேடையில் டீக்கடைக்காரர் பேரைச் சொல்லி, ‘இவர் எங்க அப்பாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார்’ என்று பேசியிருந்தால் எனக்குப் பரிசு கிடைத்திருக்குமா? அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குள் விட்டிருப்பார்களா? இப்போது அந்தக் கடையில் எல்லாருக்கும் பேப்பர் கப். தீண்டாமை ஒழிந்துவிட்டது என்கிறார்கள். உள்ளே பெஞ்சில் உட்காருகிறவர் யார், வெளியே நின்று குடிக்கிறவர் யார் என்று பாருங்கள். கப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது.

காவல் நிலையத்துக்கு வருவோம். அக்கா மகன் வழக்குக்காக நான் எழுதின முதல் மனுவில் நாலு பேர் பெயரும் இருந்தது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள் என்றும் இருந்தது. அங்கிருந்த அதிகாரி படித்துவிட்டு எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். “நீங்க படிச்சவங்க, அழகா எழுதியிருக்கீங்க. ஆனா இப்படி எழுதுங்க: அடையாளம் தெரியாத சிலர் வாய்த்தகராறில் தாக்கினார்கள். அந்தச் சாதி விஷயம் வேணாம். அதைப் போட்டா டிஎஸ்பி விசாரிக்கணும், பெரிய வேலை.” எதை எடுக்கச் சொன்னார் என்று பாருங்கள். வினையை எடுக்கச் சொல்லவில்லை. அடித்தது இருக்கட்டும், அடி வாங்கினதும் இருக்கட்டும். எழுவாயை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். ‘இரு பிரிவினரிடையே மோதல்.’ ‘குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்த வாலிபர் தாக்கப்பட்டார்.’ தாக்கப்பட்டார் என்பது செயப்பாட்டுவினை. இன்னாரால் என்று ஒரு சொல் முன்னால் வரணும். வராது. முப்பது வருசப் பத்திரிகையைப் புரட்டிப் பாருங்கள். எங்க குடிசைகள் தானாகவே எரிகின்றன, எங்க ஆட்கள் தானாகவே வெட்டுப்படுகிறார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமை ஒழிக்கப்படுவதாக 1950லேயே சொல்லிவிட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் அதைத் திருத்தி, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். இவற்றிலெல்லாம் குற்றவாளி ‘எவரொருவர்’தான். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் செய்கிற குற்றம் போல எழுதி வைத்திருந்தார்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான் முதல்முறையாக எழுவாயை எழுதியது. அதன் மூன்றாவது பிரிவு, பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத ஒருவர் என்று ஆரம்பிக்கிறது. செய்கிறவர் எந்தப் பக்கம், அனுபவிக்கிறவர் எந்தப் பக்கம் என்று சட்டப் புத்தகத்திலேயே சொல்லிவிட்டது. நாலாவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருசம் வரை சிறை என்றது. 2016இல் அமலுக்கு வந்த திருத்தம் அந்தக் கடமைகளைப் பட்டியலே போட்டது. வழக்குப் பதியணும். வாய்மொழியாகச் சொன்னதை எழுதினால், கையெழுத்து வாங்கும் முன் சொன்னவருக்கு அதை வாசித்துக் காட்டணும்.

அதனால்தான் இந்தச் சட்டத்தின் மேல் இத்தனை கோபம். எத்தனையோ சட்டம் தூங்குகிறது, யாரும் எழுப்புவதில்லை. இந்த ஒன்றைத்தான் ‘பொய் வழக்கு’, ‘துஷ்பிரயோகம்’ என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுத் திட்டுகிறார்கள். 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றமே, முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது, முதலில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று அதன் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2ஆம் தேதி வட இந்தியாவில் எங்க சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து, முதல் தகவல் அறிக்கைக்குப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை, கைதுக்கு அனுமதியும் தேவையில்லை என்று சொன்னது. ஒரு எழுவாயைச் சட்டத்தில் தக்கவைத்துக்கொள்ள நாங்கள் கொடுத்த விலை அது.

பொய் வழக்கு என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் மட்டும் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களாக 57,582 வழக்குகள் பதிவாயின. நீதிமன்றங்களில் கிடக்கும் இந்த வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வருசக் கடைசியிலும் முடியாமல் நிலுவையிலேயே நிற்கின்றன. இவை ஸ்டேஷன் படியேறி, ராஜிக்கு மசியாமல், நாலு பேர் பெயரையும் எடுக்காமல் நின்ற வழக்குகள். படியேறாமலே திரும்பினவர்களை எந்தக் காப்பகம் எண்ணுகிறது?

நாலாவது பிரிவு என்ன ஆனது? அதன் கூடவே ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நிர்வாக விசாரணை நடத்திப் பரிந்துரை செய்தால்தான் அரசு ஊழியர் மேல் வழக்கு. ஒரு அதிகாரியின் அலட்சியத்தை இன்னொரு அதிகாரி விசாரிக்கணும். எனக்கு மனு எழுதச் சொல்லிக்கொடுத்தாரே, அவரைப் போன்றவர்களை அவருடைய மேலதிகாரி விசாரித்து, ஆமாம் இவர் வேண்டுமென்றேதான் பதியவில்லை என்று எழுதிக் கொடுக்கணும். நடக்கிற காரியமா இது?

1995ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடணும். முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழு வருசத்துக்கு ரெண்டு முறை கூடணும். மாவட்டக் கூட்டம் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்திருக்க எனக்கு ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. எத்தனை பேருக்கு எத்தனை லட்சம் நிவாரணம் கொடுத்தோம் என்று வாசித்தார்கள். எத்தனை பேரைக் கைது செய்தோம், எத்தனை வழக்கில் குறித்த 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட்டோம் என்று யாரும் வாசிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நிவாரணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடி வாங்கினவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கே அது போதாது. ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள். வெள்ளத்துக்கு நிவாரணம், புயலுக்கு நிவாரணம், எங்களை அடித்ததுக்கும் நிவாரணம். புயலைக் கைது செய்ய முடியாது. செருப்பால் அடித்தவரை முடியாதா?

இந்த அரசு வெளிநாட்டில் போய்ப் பேசும்போது எப்படிப் பேசுகிறது என்பதையும் பார்க்கணும். இனவெறிக்கு எதிராக உலகத்தில் முதலில் குரல் கொடுத்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அது உண்மை, மறுக்கக் கூடாது. 1946இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது. அந்த நாட்டோடு வணிகத்தையே முறித்தது. அதே 1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், தீண்டப்படாத மக்களும் அதுபோல மனு கொடுக்க யோசிக்கிறார்கள் என்று. நாட்டின் மனு சபைக்குப் போனது. எங்க மனு என்ன ஆனதென்று பார்ப்போம்.

1965இல் இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. ஏற்றது. அதன் முதல் பிரிவு இனம், நிறம், வம்சாவளி, தேசிய, இனக்குழுப் பூர்விகம் ஆகியவற்றின் பேரில் செய்யும் பாகுபாட்டைச் சொல்கிறது. அதில் வம்சாவளி என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். 1968இல் இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. 1996இல் அந்த உடன்படிக்கையின் குழு கேட்டது: பிறப்பால் வருகிற சாதி, வம்சாவளி என்பதற்குள் வரும்தானே? வராது என்றது இந்தியா. தானே கொண்டுவந்து வைத்த சொல்லைத் தன் பக்கம் திரும்பிவிட்டதென்று தெரிந்ததும் பொருளை மாற்றிக்கொண்டது.

2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு. நூற்றுக்கும் மேற்பட்ட தலித்துகள் இந்தியாவிலிருந்து போனார்கள். பிறப்பையும் தொழிலையும் வைத்துச் செய்யும் பாகுபாடு என்று ஒரு வரியாவது தீர்மானத்தில் வேண்டும் என்று போராடினார்கள். சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள்நாட்டு விஷயம், எங்களிடம் சட்டம் இருக்கிறது என்றது இந்திய அரசு. அரசு அமைத்த தேசிய மனித உரிமை ஆணையமே, பெயர் என்னவாக இருந்தாலும் பாகுபாடு தொடர்கிறதா என்பதுதான் கேள்வி என்று வேறு குரலில் பேசியது. ஆனாலும் கடைசித் தீர்மானத்தில் சாதி என்ற சொல் வரவில்லை. தென்னாப்பிரிக்க வெள்ளை அரசும் ஒரு காலத்தில் உள்நாட்டு விஷயம் என்றுதான் சொன்னது. அதை ஏற்காத இந்தியா, அதே மண்ணில் போய் நின்று அதே வாக்கியத்தைச் சொன்னது.

சாதி இனம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாதா? சாதி இனப் பிரிவினை இல்லை என்று அண்ணலே எழுதி வைத்திருக்கிறார். ரத்தத்தைப் பரிசோதித்துப் பார் என்று யாரும் டர்பனுக்குப் போகவில்லை. பிறந்த வீட்டை வைத்து மனுஷனை ஒதுக்குவது குற்றமா இல்லையா என்று கேட்கத்தான் போனார்கள். 2002இல் அந்த ஐ.நா. குழு, சாதி வம்சாவளிக்குள் வரும் என்று தன் பொதுப் பரிந்துரையிலேயே எழுதிவிட்டது. 2006 டிசம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் டெல்லி மாநாட்டில், தீண்டாமைக்கு இணையாகச் சொல்ல நிறவெறி ஒன்றுதான் இருக்கிறது என்று பேசினார். கைதட்டினோம். இரண்டே மாதத்தில், 2007 பிப்ரவரியில், அவருடைய அரசின் ஆட்கள் ஜெனீவாவில் அதே குழுவின் முன்னால் உட்கார்ந்து, சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்றார்கள். 2001இல் இருந்தது ஒரு கட்சியின் ஆட்சி, 2007இல் இருந்தது எதிர்க்கட்சியின் ஆட்சி. வாக்கியம் மட்டும் ஒன்றுதான்.

சாதி இப்போது கப்பலேறிப் போய்விட்டது. போன இடத்திலும் அரசுகள் இதே பாடத்தைத்தான் படிக்கின்றன. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியாவில் அதற்கான மசோதா இரண்டு அவையிலும் நிறைவேறி வந்தும், அந்த ஆண்டு அக்டோபரில் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார். இருக்கிற சட்டமே போதும் என்றார். நம்மூர் எழுத்தர் கலிபோர்னியாவிலும் இருக்கிறார்.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போவது சுலபம். சமூகநீதி மண் என்று பேர் வாங்கின தமிழ்நாட்டைப் பேசாமல் போக முடியாது. இங்கே மேடையில் சாதியைப் பற்றிப் பேசும்போது எழுவாய் உண்டு. பார்ப்பனர் என்பார்கள். பார்ப்பனியம்தான் இதற்கு வேர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்க ஊரில் பார்ப்பனர் வீடே கிடையாது. அக்கா மகனை அடித்த நாலு பேரும் மேடையில் நம்மோடு சேர்த்து ‘ஒடுக்கப்பட்டோர்’ என்று சொல்லப்படுகிறவர்கள்தான். ஊரில் இல்லாதவர் பெயரைச் சொல்வதற்குத் தைரியம் தேவையில்லை. ஊரில் இருக்கிறவர் பெயரைச் சொன்னால் ஓட்டுப் போகும். அந்தக் கணக்கு எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தனித்தொகுதியானது. வென்ற முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். மறுவருசம், 1998இல், அதே மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீட்டில் நாற்பது எங்களுக்கு. நல்ல வீடுதான். குடி போனவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் சமத்துவம் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே புதுசாக ஒரு இடம் கட்டணும் என்று சொல்வதன் அர்த்தம் என்ன? இருக்கிற ஊர் ஊராகவே இருக்கட்டும், சேரி சேரியாகவே இருக்கட்டும் என்பதுதானே? மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழ்நாடு அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. நீதிமன்றம் கஷ்டப்பட்டு எழுதின எழுவாயை அரசே அழித்தது.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். “ஊரா, காலனியா?” என்று இனி எந்த எழுத்தரும் கேட்காமல் இருந்தால் சந்தோஷம். ஆனால் அந்தச் சொல் எங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கவில்லை. வைத்தவர்கள் வைத்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர் வந்தது. பெயர்ப்பலகையை எடுத்தாலும் நடுவில் இருக்கிற வயல் அப்படியேதான் கிடக்கிறது. பைக்கை விட்டு இறங்கச் சொல்கிற தெருவும் அப்படியேதான் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் எங்க சனங்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். நாங்கள் வராந்தாவில் நின்ற அந்த ஜனவரி 30இல் அதைப் பற்றித்தான் மனு கொடுக்க வந்த எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். ரெண்டு வருசம் எழுவாய் தோன்றவேயில்லை. 2025 ஜனவரியில் தோன்றியது. மூன்று பேர். மூன்று பேரும் அதே மக்களில் உள்ளவர்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பை நான் எழுதப் போவதில்லை. பாதிக்கப்பட்ட சனங்கள் அந்த விசாரணையை நம்பவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். எங்களை அடித்தவரைத் தேடும்போது ‘அடையாளம் தெரியாத சிலர்’ என்று எழுதிப் பழகின பேனா, எங்க பெயரை எழுதும்போது மட்டும் தடுமாறாமல் எழுதுகிறதே என்ற அவர்கள் கேள்வியில் என்ன தப்பு?

பெயரைச் சொன்னால் பகை வளரும், நல்லிணக்கம் கெடும் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கோட்டாட்சியர் முன்னால் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. அடித்தவர் ஒரு தரப்பு, அடி வாங்கினவர் ஒரு தரப்பு. ரெண்டு தரப்பும் இனிச் சண்டை போட மாட்டோம் என்று கையெழுத்துப் போடணும். நாங்கள் எப்போது சண்டை போட்டோம்? பைக்கில் உட்கார்ந்திருந்தோம். நல்லிணக்கம் என்று எழுதிக் கொடுக்கிற அந்தத் தாளில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே கையெழுத்துக்குள் கலந்துவிடுகின்றன.

நமக்குள்ளும் இந்தப் பழக்கம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளணும். ‘சாதிய சக்திகள்’, ‘ஆதிக்க வெறியர்கள்’ என்று நம்ம துண்டறிக்கையிலும் எழுதுகிறோம். நானே எழுதியிருக்கிறேன். எங்க தெருவிலும் ‘அடிச்சிட்டாங்க’ என்றுதான் சொல்வோம். யாரு என்று கேட்டால் குரல் தாழும். அதில் பயம் இருக்கிறது. நாளைக்குக் கூலிக்குப் போகணும், ரேஷன் கடை ஊர்த்தெருவில் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. போலீசையும் கோர்ட்டையும் கையில் வைத்திருக்கிற அரசுக்கு என்ன பயம்?

அதனால் அரசிடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. புதுச் சட்டம் வேண்டாம், புது விழா வேண்டாம். நாலாவது பிரிவை எடுத்து, மனு வாங்க மறுத்த ஒரு அதிகாரி மேலாவது வழக்குப் போட்டுக் காட்டட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டிய குழு கூடட்டும். கூடினால் நிவாரணக் கணக்குக்கு முன்னால் கைதுக் கணக்கை வாசிக்கட்டும். ஜனவரி 30இல் உறுதிமொழி எடுக்கும் முன், அந்த மாவட்டத்தில் அந்த வருசம் இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்கள் பட்டியலை மைக்கில் படிக்கட்டும். ஒருத்தரும் இல்லையென்றால், ஒருத்தரும் இல்லை என்று படிக்கட்டும். அப்போதாவது அந்தச் சத்தியம் யார்கிட்ட என்று அக்காவுக்குப் புரியும்.

அன்றைக்கு ஆட்சியர் மனுவில் கையெழுத்துப் போட்டுக் காவல்துறைக்கு அனுப்பினார். திரும்பவும் ஸ்டேஷன். திரும்பவும் அதே அதிகாரி, அதே யோசனை. வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து மனுவை முதலிலிருந்து எழுதினேன். எழுதினதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டப்படி போலீஸ் செய்யவேண்டிய வேலை அது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணை மூடிக் கேட்டாங்க. நாலு பெயரும் வந்த இடத்தில் நிறுத்தினாங்க.

“அப்பன் பேரையும் போடும்மா. வெறும் பேரு மட்டும் இருந்தா, அந்தப் பேர்ல வேற ஆளுன்னு சொல்லிடுவாங்க.”

த/பெ என்று எழுதி ஒவ்வொருவருக்கும் அப்பா பெயர் சேர்த்தேன். தெருப் பெயரும் சேர்த்தேன். இருபத்து மூன்றாம் நாள் வழக்குப் பதிவானது. அதே நாளில் பையன் மேலேயும் ஒரு எதிர்வழக்கு. அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், வாய்தாவுக்கு மட்டும் வந்து போகிறான். வழக்கு நடக்கிறது. ராஜிக்கு மூன்று முறை ஆள் வந்தார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்காங்க. அதில் நாலு எழுவாய் இருக்கிறது.